முகம் தெரியுதா? ஸ்டூடியோ நாற்காலியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ. அப்பா போட்டது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூட அட்டைக்கு, பாஸ்போர்ட்டுக்கு, கல்யாணப் பதிவுக்கு, அப்புறம் மாலை போட்டு மாட்டுவதற்கு என்று நாள் முழுக்க முகங்கள்தான். நான் விளக்கைத் திருப்பி வைக்கிற அந்த இரண்டு நிமிடத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். ஏதாவது கேட்பார்கள். கேட்பது பெரும்பாலும் முகத்தைப் பற்றித்தான்.

மகள் சைக்காலஜி படித்தபோது வீட்டுக்கு வந்த புத்தகங்களை அவளைவிட நான்தான் அதிகம் புரட்டினேன். அதில் படித்ததும் முப்பது வருடமாகக் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதில்கள். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

பொறந்து ஒரு நாள்தான் ஆவுதுண்ணா. இதுக்கு எங்க மூஞ்சியெல்லாம் தெரியுமா?

மங்கலாகத் தெரியும். பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான். பால் குடிக்கிற குழந்தைக்கும் அம்மா முகத்துக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதைத் தாண்டினால் எல்லாமே ஃபோகஸ் போன படம் மாதிரி. அதனால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் காலருகே நின்றுகொண்டு "மாமாவப் பாரு, மாமாவப் பாரு" என்று கையாட்டுவதில் பயனில்லை. கிட்டே போக வேண்டும்.

ஆனால் மங்கலாகத் தெரிந்தாலும், முகம் என்றால் குழந்தைக்கு ஒரு தனி இழுப்பு உண்டு. 1975-இல் அமெரிக்காவில், பிறந்து 9 நிமிடம் போல ஆன குழந்தைகளுக்கு முன்னால் அட்டைகளை மெதுவாக நகர்த்திப் பார்த்தார்கள். ஒன்றில் கண், மூக்கு, வாய் வரிசையாக இருந்தது. இன்னொன்றில் அதே உறுப்புகள் கலைந்து கிடந்தன. முகமாக இருந்த அட்டையைத்தான் குழந்தைகள் அதிக தூரம் தலை திருப்பிப் பார்த்தன. இவ்வளவு சின்னக் குழந்தையா என்று பலர் நம்பவில்லை. 1991-இல் இங்கிலாந்தில் திரும்பச் செய்து பார்த்தபோதும் அதே மாதிரிதான் வந்தது. மேலே இரண்டு புள்ளி, கீழே ஒரு புள்ளி இருந்தாலே போதும், திரும்பிப் பார்க்கும்.

அம்மாவ மட்டும் டக்குன்னு கண்டுபுடிச்சிடும்னு சொல்றாங்களே, நெசமா?

நிஜம்தான், கண்டுபிடிக்கிற விதம்தான் நாம் நினைப்பது மாதிரி இல்லை. பிறந்து இரண்டு மூன்று நாளிலேயே, அம்மா முகத்தையும் வேறொரு பெண் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் அம்மாவையே அதிக நேரம் பார்க்கும். 1995-இல் பிரான்சில் ஒரு வேலை செய்தார்கள். இரண்டு பெண்களுக்கும் தலையில் துணி கட்டி, முடியும் நெற்றி ஓரமும் தெரியாமல் மறைத்துவிட்டார்கள். நாலு நாள் குழந்தைகளுக்கு அம்மா யார், அடுத்தவர் யார் என்ற வித்தியாசம் போய்விட்டது. அந்த வயதில் குழந்தை பிடித்துவைத்திருப்பது கண்ணையோ மூக்கையோ இல்லை. முடி எங்கே முடிகிறது, முகம் எங்கே தொடங்குகிறது என்ற அந்தக் கோட்டைத்தான்.

குரலுக்கும் இதில் பங்கு உண்டு. அம்மா குரல் வயிற்றுக்குள்ளேயே பழகியது. பிறந்த பிறகு அந்தக் குரலும் முகமும் சேர்ந்து வரும்போதுதான் முகம் பதிகிறது என்று ஒரு ஆய்வு சொல்கிறது. வாசனையும் உண்டு. ஆகவே பேசிக்கொண்டே தூக்குங்கள்.

அவங்கப்பா திருத்தணி போய் மொட்ட போட்டுக்கினு வந்தாரு. எட்டு மாசக் கொயந்த வீல்னு கத்துது. அப்பாவையே தெரியலையா?

தலைத்துணி விஷயத்தை மேலே சொன்னேன் இல்லையா, அதன் தொடர்ச்சிதான் இது. எட்டு மாதத்தில் குழந்தை கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் பார்க்கப் பழகியிருக்கும். ஆனாலும் முடி, மீசை, முகத்தின் வெளிக்கோடு இவற்றை நம்புவது இன்னும் முழுசாகப் போயிருக்காது. அந்தக் கோடு ஒரே நாளில் காணாமல் போனால், பாதி அப்பாவும் பாதி வேற்றாளுமாக யாரோ ஒருவர் கை நீட்டுகிறார். பயப்படாமல் என்ன செய்யும்?

வயதும் சரியாக அந்த வயது. ஏழு எட்டு மாதத்தில் வேற்று முகம் கண்டு அழுவது தொடங்கும். இரண்டு மாதத்தில் பார்த்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்த அதே குழந்தைதான் இது. "பழைய மாதிரி சிரிக்கமாட்டேங்குது, யாரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்று என்னிடம் சொன்னவர்கள் ஏராளம். கண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஏழிலிருந்து பத்து மாதக் குழந்தையை போட்டோ எடுக்கக் கூட்டிவந்தால் நான் முதலில் கேமராவைத் தொடவே மாட்டேன். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு கல்லாவில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். அது என்னை ஒரு ஐந்து நிமிடம் முறைத்துப் பார்த்து முடித்த பிறகுதான் கிலுகிலுப்பையை எடுப்பேன்.

மொட்டை அப்பாவுக்கு: எட்டத்தில் உட்கார்ந்து பேச்சு கொடுங்கள். குரல் பழையதுதானே. சந்தனம் காய்வதற்குள் வந்துவிடும்.

பால் குடுக்கும்போது போன் பாத்தா தப்பாண்ணா? மாமியார் திட்றாங்க.

மாமியார், மருமகள் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்பவர் செய்ததை மட்டும் சொல்கிறேன். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மாவை, சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சும்மா பார்க்கச் சொன்னார். சில மாதக் குழந்தை முதலில் சிரித்து இழுத்துப் பார்க்கிறது, கையைக் காலை உதைக்கிறது, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கடைசியில் அழுகிறது. அதற்கு முகம் என்பது பதில் சொல்ல வேண்டிய ஒரு பொருள். போனைப் பார்க்கும்போது நம் முகம் எப்படிச் செத்துப்போய் இருக்கும் என்று ஒருநாள் எம்.சி. ரோட்டில் நின்று பாருங்கள். அதற்காகப் பத்து நிமிடம் போன் பார்த்ததால் குழந்தை கெட்டுவிடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

யார் ஜாடைண்ணா? நீங்க தெனம் எவ்ளோ மூஞ்சி பாக்குறீங்க, கரெக்டா சொல்லுங்க.

சொல்லமாட்டேன். ஒருமுறை சொல்லி, ஒரு குடும்பம் என் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டது.

1995-இல் ஒரு ஆய்வு, ஒரு வயதுக் குழந்தைகள் அப்பாவைத்தான் அதிகம் உரித்துவைத்திருக்கின்றன என்று சொல்லிப் பெரிய பேச்சானது. அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அப்படி வரவில்லை. அப்பா, அம்மா இருவர் சாயலும் ஏறக்குறைய சமமாகத்தான் இருந்தது. அதற்கும் முன்னால் பிரசவ அறையில் நடந்த பேச்சைக் கேட்டுப் பார்த்தவர்கள் வேறொன்று கவனித்தார்கள். "அப்படியே அப்பா" என்று சொல்வது பெரும்பாலும் அம்மாவும் அம்மா வீட்டுக்காரர்களும்தான். நம் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை.

கன்னத்துல வெச்ச திருஷ்டிப் பொட்டு அதுக்குத் தெரியுமா?

நல்ல கேள்வி. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று குழந்தைக்கு எப்போது புரியும் என்று கண்டுபிடிக்க, விஞ்ஞானிகள் செய்ததே ஏறக்குறைய திருஷ்டிப் பொட்டுதான். 1970-இல் சிம்பன்சிகளுக்கும், 1972-இல் குழந்தைகளுக்கும் செய்தார்கள். தெரியாமல் முகத்தில் (குழந்தைகளுக்கு மூக்கில்) ஒரு வண்ணப் பொட்டை வைத்துவிட்டு கண்ணாடி முன்னால் விடுவது. கண்ணாடியைத் தொட்டால் உள்ளே வேறு குழந்தை இருப்பதாக நினைக்கிறது. தன் மூக்கைத் தொட்டால் புரிந்துவிட்டது. பெரும்பாலான குழந்தைகள் 18 முதல் 24 மாதத்துக்குள் தன் மூக்கைத் தொடுகின்றன.

என் கடையில் பவுடர் டப்பாவும் சீப்பும் வைத்த ஒரு பெரிய கண்ணாடி உண்டு. பத்து மாதக் குழந்தை அதன் முன்னால் போனால் உள்ளே இருப்பவனுக்கு முத்தம் கொடுக்கும், எச்சில் ஒழுக. ஒன்றரை வயதுக்காரி ஒருத்தி கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், ஆள் அங்கே ஒளிந்திருக்கிறாளா என்று. இரண்டு வயதுக்காரன் சீப்பை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு தன்னையே பார்த்துச் சிரித்தான்.

ஆனால் ஒன்று. நம் குழந்தைகளுக்கு இந்தச் சோதனை சரிப்படுமா என்று எனக்குச் சந்தேகம். பிறந்ததிலிருந்து கன்னத்திலும் நெற்றியிலும் மை வைத்தே வளர்ந்த குழந்தைக்கு, முகத்தில் ஒரு பொட்டு என்ன அதிசயம்? அது ஏன் தொட்டுப் பார்க்க வேண்டும்? கென்யாவில் இதே சோதனையைச் செய்தபோது நன்றாக வளர்ந்த பிள்ளைகள்கூடப் பொட்டைத் தொடாமல் சும்மா நின்றார்கள். அவர்களுக்குத் தன்னைத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மணலி கம்பெனிக்கு வர்ற வடக்கத்திப் பசங்க எல்லாம் எனக்கு ஒரே மாதிரியே தெரியறாங்க. என் கண்ணுல கோளாறா?

கண்ணில் இல்லை, பழக்கத்தில். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். வடகிழக்கிலிருந்து வந்த இரண்டு பையன்கள் ஒரே நாளில் படம் எடுத்தார்கள். அவன் கவரை இவனிடமும் இவன் கவரை அவனிடமும் கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் இருவரும் சேர்ந்து வந்து சிரிக்கிறார்கள். ஒருவன் சொன்னான்: "அண்ணா, நாங்க வந்த புதுசுல எங்களுக்கு உங்க ஆளுங்க எல்லாருமே ஒரே மாதிரிதான். மீசைய வெச்சிதான் கண்டுபுடிப்போம்."

இதன் வேர் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கு ஒரு குரங்கு முகத்துக்கும் இன்னொரு குரங்கு முகத்துக்கும் வித்தியாசம் தெரியும். ஒன்பது மாதத்தில் அது போய்விடும், நமக்கும் இல்லை. 2002-இல் வந்த ஆய்வு இது. பிறக்கும்போது எல்லா முகத்துக்கும் கதவு திறந்திருக்கிறது. தினம் பார்க்கிற முகங்கள் எவையோ அவற்றைப் பிரித்துப் பார்க்க மூளை கூர்மையாகிறது, பார்க்காத முகங்களின் கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது. ஆனால் தாழ்ப்பாள் போட்டுவிடுவதில்லை. கொரியாவில் பிறந்து மூன்று வயது முதல் ஒன்பது வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துப் போனவர்களைப் பெரியவர்களான பிறகு சோதித்தார்கள். அவர்களுக்குக் கொரிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்கள்தான் நன்றாகப் பிரிந்து தெரிந்தன. பிறப்பில் ஒன்றும் இல்லை, வளர்ந்த தெருவில்தான் இருக்கிறது. பெரியவர்களான பிறகு இந்தப் பழக்கம் மாறுவது கஷ்டம். ஆனால் இன்னாருடைய பெயர், ஊர் என்று தெரிந்து பழகினால் அந்த ஒரு முகம் கட்டாயம் பிடிபடும். எனக்கு அந்த இருவரையும் இப்போது முதுகைப் பார்த்தாலே தெரியும்.

ரெட்டப் புள்ளைங்க. எங்களுக்கு ஒன்னும் பிரியல. அவங்கம்மா மட்டும் எப்பிடி தூரத்துலயே சொல்லுது?

அதே பழக்கம்தான், உச்சத்தில். தெரிந்த முகம், தெரியாத முகம் இரண்டையும் நாம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. தெரியாத முகத்தில் முடி, முக வடிவம், மூக்குத்தி இப்படி வெளியே இருப்பதைப் பிடிக்கிறோம். தெரிந்த முகத்தில் கண், மூக்கு, வாய்ப் பகுதியே போதும். அந்த அம்மா தினம் ஆயிரம் விதமாக அந்த இரண்டு முகங்களைப் பார்க்கிறார்: தூக்கத்தில், அழுகையில், பொய் சொல்லும்போது. நீங்கள் பார்ப்பது சட்டையை.

இந்த கார்டுல இருக்கிறது நீதானான்னு கேக்கறாங்கண்ணா. அவ்ளோ மோசமாவா எடுத்தீங்க?

நான் நன்றாகத்தான் எடுத்தேன். கவுண்டரில் இருப்பவருக்கு உங்கள் முகம் தெரியாத முகம், அதுதான் பிரச்சினை. தெரியாத ஒருவரின் இரண்டு படங்களைப் பார்த்து ஒரே ஆளா என்று சொல்வது நாம் நினைப்பதைவிட ரொம்பக் கஷ்டம். 2011-இல் வந்த ஒரு ஆய்வைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெதர்லாந்தில் பிரபலமான இரண்டு பெண்களின் படங்கள், ஆளுக்கு 20, மொத்தம் 40. கலைத்துப் போட்டு, "ஆள் ஆளாகப் பிரித்து அடுக்குங்கள்" என்று இங்கிலாந்தில் கொடுத்தார்கள். ஏழெட்டுப் பேர் இருப்பதாக அடுக்கினார்கள். அதே படங்களை நெதர்லாந்துக்காரர்களிடம் கொடுத்தால் இரண்டே இரண்டு அடுக்கு.

பழகிய அதிகாரி என்றால் தப்பு வராது என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் பாஸ்போர்ட் அதிகாரிகளையே 2014-இல் சோதித்தார்கள். நேரில் நிற்பவரின் படமே இல்லாத அட்டையை நூற்றுக்கு 14 முறை சரி என்று விட்டுவிட்டார்கள். வருடக்கணக்கில் அனுபவம் இருந்தவர்களும் புதிதாக வந்தவர்களும் ஒரே மாதிரிதான். அதனால் முறைத்துப் பார்க்கிறாரே என்று கோபப்படாமல், தாடியோடு எடுத்த படத்துக்குத் தாடியோடு போங்கள். பழைய படம் என்றால் புதிதாக எடுத்துவிடுங்கள். வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் வியாபாரத்துக்காகவும்தான்.

கண்ணாடில நல்லாத்தான் கீறேன். உங்க போட்டோல மட்டும் ஏன் இப்பிடி கீது?

முப்பது வருடமாக நாளுக்கு ஒருவராவது கேட்கும் கேள்வி. கண்ணாடியில் நீங்கள் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம். பிறந்ததிலிருந்து உங்களுக்குப் பழகியது அந்த முகம்தான். யாருக்கும் முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. வகிடு ஒரு பக்கம், சிரித்தால் ஒரு உதடு மேலே. படத்தில் அதெல்லாம் இடம் மாறி வந்து உட்காரும்போது உங்களுக்கு மட்டும் ஏதோ கோணலாகத் தெரியும்.

1977-இல் அமெரிக்காவில் சில பெண்களைப் படம் எடுத்து, நேர்ப் படம் ஒன்று, இடம் வலம் மாற்றியது ஒன்று என்று காட்டினார்கள். அவர்களுக்கு மாற்றிய படம் பிடித்தது. அவர்கள் தோழிகளுக்கு நேர்ப் படம் பிடித்தது. அவரவருக்குப் பழகியது அவரவருக்கு அழகு. இப்போது யாராவது முகம் சுளித்தால் கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிக் காட்டுவேன். "ஹா, இது சூப்பர்ணா" என்பார்கள். அப்புறம் சட்டைப் பை வலது பக்கம் போய்விட்டதைக் காட்டி, நேர்ப் படத்தையே பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன்.

பேப்பர்ல தலகீழா ஒரு போட்டோ பாத்தேன். நம்ம கவுன்சிலருன்னே தெரியல. ஏன் அப்பிடி?

எங்கள் அப்பா பாடு அதுதான். அவர் காலத்துப் பெட்டி கேமராவில் பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி இருக்கும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் ஆள் தலைகீழாகத் தெரிவார். அப்பா அந்தத் தலைகீழ் முகத்தில் ஃபோகஸ் சரியாக வைப்பார், விளக்கு நிழலைப் பார்ப்பார். ஆனால் ஆள் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் துணியை விட்டு வெளியே வருவார். உள்ளே இருந்தால் அது பிடிபடாது என்பார். ஏன் என்று கேட்டால் "அது அப்பிடித்தான்டா" என்பார்.

1969-இல் ராபர்ட் யின் என்பவர் அளந்து காட்டினார். வீடு, விமானம் இவற்றைத் தலைகீழாகக் காட்டினால் அடையாளம் காண்பது கொஞ்சம் குறைகிறது. முகமோ ஒரேயடியாக விழுந்துவிடுகிறது. ஏனென்றால் முகத்தை நாம் கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாகப் படிப்பதில்லை. எல்லாம் சேர்ந்த ஒரே வடிவமாக, இடைவெளிகளோடு சேர்த்து, ஒரே பார்வையில் படிக்கிறோம். கவிழ்த்தால் அந்த வித்தை வேலை செய்யாது. 1980-இல் பீட்டர் தாம்சன் இதை வைத்து ஒரு வேடிக்கை செய்தார். அப்போது பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டிக் கவிழ்த்து ஒட்டினார். மொத்தப் படத்தையும் தலைகீழாகப் பிடித்தால் சாதாரணமாகத்தான் தெரியும். நிமிர்த்தினால் பூதம்.

நெகட்டிவும் இதே கதைதான். பென்சிலால் நெகட்டிவில் டச்சிங் செய்த காலத்தில், ஒரே மாதிரி உட்கார்ந்த இரண்டு பேர் நெகட்டிவ் கலந்துவிட்டால் எங்களுக்கே எது யாருடையது என்று தெரியாது. பிரிண்ட் போட்டுத்தான் பார்ப்போம்.

கண்ணுல பொறையோட பொறந்துது. இன்னும் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு வீட்ல சொல்றாங்க. பண்ணலாமா?

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்களுக்கு வரும் புரை வேறு, பிறவிப் புரை வேறு. பெரியவருக்கு நாளைக்கு எடுத்தாலும் பழைய பார்வை திரும்பும். குழந்தைக்குப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் காலமே அதுதான்.

கனடாவில் டாஃப்னி மௌரர் குழுவினர் 2001-இல் எழுதியதைச் சொல்கிறேன். இரண்டு கண்ணிலும் புரையோடு பிறந்து, இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் முடிந்தவர்கள். அதன் பிறகு ஒன்பது வருடத்துக்கு மேல் நன்றாகப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கும் முகத்தில் ஒரு குறை நின்றுவிட்டது. கண்ணின் வடிவம் மாறினால் கண்டுபிடித்தார்கள். இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறினால் தெரியவில்லை. தலைகீழ்ப் படத்தில் சொன்னேனே, சேர்த்துப் படிக்கிற வித்தை, அதற்கு அந்த முதல் சில மாத வெளிச்சம் தேவைப்பட்டிருக்கிறது.

இதைக் கேட்டு, காலம் கடந்தவர்கள் மனம் விட்டுவிட வேண்டாம். பிரகாஷ் திட்டம் என்ற பெயரில் பவன் சின்ஹா என்ற விஞ்ஞானி, வட இந்தியாவில் பல வருடம் பார்வையில்லாமல் இருந்து ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார். முதலில் முகம் எது, வேறு பொருள் எது என்றே அவர்களுக்குப் பிரியவில்லை. மாதங்கள் போகப் போகப் பிரிந்தது. எப்போது போனாலும் பயன் உண்டு, சீக்கிரம் போனால் அதிகம். நமக்கு எழும்பூர் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, 1819-இல் தொடங்கியது. ஃப்ளாஷில் எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் வந்தாலும் நான் காசு வாங்காமல் முதலில் அங்கே போகத்தான் சொல்வேன்.

எங்க வூட்டுக்காரருக்கு யார் மூஞ்சியும் பதியாது. எங்கண்ணனையே கொருக்குப்பேட்டை கேட்ல பாத்துட்டு யாரோ மாதிரி போறாரு. திமிருன்னு சொல்றாங்க.

திமிராகவும் இருக்கலாம், நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் முகம் பதியாத தன்மை என்று நிஜமாகவே ஒன்று உண்டு. 1947-இல் ஜெர்மனியில் போடாமர் என்ற டாக்டர், தலையில் அடிபட்ட சிலருக்கு முகங்கள் மட்டும் அடையாளம் தெரியாமல் போனதை எழுதி அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அடி எதுவும் படாமல் பிறப்பிலேயே அப்படி இருப்பவர்களும் உண்டு. நூற்றுக்கு இரண்டு பேர் போல என்று கணக்கு. குடும்பத்தில் ஓடும். குரங்குகளை ஆராய்ந்த ஜேன் குடாலுக்கும் மூளை டாக்டர் ஆலிவர் சாக்ஸுக்கும் இருந்தது.

கண் நன்றாகவே தெரியும். மூக்கு தெரியும், கோபம் தெரியும். யார் என்பது மட்டும் தெரியாது. மூளையின் அடிப்பக்கத்தில், குறிப்பாக வலது பாதியில், முகத்துக்கென்றே அதிகம் வேலை செய்யும் ஒரு சின்ன இடம் இருப்பதை 1997-இல் நான்சி கன்விஷர் குழு படம் பிடித்துக் காட்டியது. அந்த வட்டாரம் சரியாக இயங்காவிட்டால் இப்படி. இவர்கள் நடை, குரல், சட்டை, நிற்கிற இடம் இவற்றை வைத்து ஆளைப் பிடிப்பார்கள். உங்கள் அண்ணன் வீட்டில் இருந்தால் தெரிகிறார், கேட்டில் நின்றால் தெரியவில்லை என்றால் இதுவாக இருக்கலாம். அண்ணனிடம், பார்த்ததும் "மாப்ள, நான்தான்" என்று ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

நேற்று வரை எல்லாரையும் தெரிந்த ஆளுக்கு இன்று திடீரென்று தெரியவில்லை என்றால் அது வேறு. உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பக்கவாதமாக இருக்கலாம்.

எனக்கு நேர்மாறு. ஒரு வாட்டி பாத்தா போதும், மறக்கவே மாட்டேன். இதுவும் வியாதியா?

வரம். 2009-இல்தான் இப்படிப்பட்டவர்களை முதலில் சோதித்து எழுதினார்கள். சின்ன வயதுப் படத்தைக் காட்டினால் வளர்ந்த ஆளைச் சொல்கிறார்கள். லண்டன் போலீஸ் இந்த மாதிரி ஆட்களைத் தேடி எடுத்து கேமராப் பதிவுகளைப் பார்க்க வைத்தது. பயிற்சி கொடுத்து வருவதில்லை, பெரும்பாலும் பிறவி. ஒரே மாதிரி இரட்டையர்களை வைத்துப் பார்த்தவர்களும் பரம்பரைப் பங்கு ரொம்ப அதிகம் என்கிறார்கள்.

எங்கள் தெருவுக்குக் காசிமேட்டிலிருந்து மீன் கூடை கொண்டுவரும் அம்மா ஒருவர் இருந்தார். மாஸ்க் போட்டிருந்த கொரோனா காலத்தில், கண்ணை மட்டும் பார்த்து, "ஏம்பா, நீ அந்த வஞ்சிரத்துக்கு அம்பது ரூபா பாக்கி" என்று ஒரு பையனைப் பிடித்தார். அவன் ஆறு வருடம் முன்னால் காலி செய்துகொண்டு போனவன்.

மூஞ்சி நல்லா ஞாபகம் இருக்கு, பேரு மட்டும் வரவே மாட்டேங்குது. வயசாயிடுச்சா?

இல்லை, எல்லா வயதிலும் அப்படித்தான். 1975-இல் ஒரு ஆய்வில், பள்ளிப் படிப்பு முடித்து 35 வருடம் ஆனவர்கள்கூடக் கூடப் படித்தவர்களின் படங்களை நூற்றுக்கு 90 சரியாக எடுத்துக் காட்டினார்கள். படத்தைப் பார்த்துப் பெயரைத் தானாகச் சொல்லச் சொன்னால்தான் தடுமாற்றம். முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பது ஒரு வேலை, பெயரை உள்ளேயிருந்து இழுத்து வெளியே எடுப்பது வேறு வேலை. பெயருக்கு முகத்தோடு ஒட்டிக்கொள்ள எந்தப் பிடியும் இல்லை. ஒருவர் தையல்காரர் என்றால் மெஷினும் கத்திரியும் நினைவில் வந்து ஒட்டும். அவர் பெயர் குமார் என்றால் என்ன வரும்? இன்னும் நாற்பது குமார் வருவார்கள்.

புது முகங்களைப் பதித்துக்கொள்ளும் திறமை 30 வயதைத் தாண்டித்தான் உச்சத்துக்கு வருகிறது என்று 2011-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. மற்ற ஞாபகங்களைவிட இது தாமதம். அதற்குப் பிறகு மெல்ல இறங்கும். ஒரு ஆளுக்குத் தெரிந்த முகங்கள் சராசரியாக 5,000 என்று 2018-இல் கணக்குப் போட்டார்கள். சிலருக்கு 1,000, சிலருக்கு 10,000. திருவொற்றியூர் தேரடியில் கடை வைத்திருப்பவரைக் கேட்டால் அதற்கு மேலேயே சொல்வார்.

எங்கம்மாவுக்கு மறதி நோய். என்னைப் பாத்து அவங்க தம்பின்னு நெனைக்கிறாங்க. நான் இல்லன்னு சொல்லணுமா?

அவரது சின்ன வயது ஞாபகங்கள்தான் கடைசியில் போகும். அவர் மனதில் மகன் இன்னும் பள்ளிக்கூடப் பையன். எதிரே நரைத்த மீசையோடு ஒருவர் நின்றால், இந்த ஜாடையில் இந்த வயதில் தெரிந்தவர் யார் என்று தேடி, தம்பியை எடுக்கிறார். யோசித்துப் பார்த்தால் தப்பான கணக்கு இல்லை, வருடம்தான் தப்பு. வாதாட வேண்டாம். "அம்மா, நான்தான்" என்று குரல் கொடுங்கள், முகம் தராததைச் சில சமயம் குரல் தரும். இப்படி ஒருவருக்கு அவருடைய பத்து வயதுப் படத்தையும் இப்போதைய படத்தையும் ஒரே சட்டத்தில் போட்டுக் கொடுத்தேன். அவர் அம்மா பழைய படத்தை மட்டும் விரலால் தடவுகிறார் என்றார்.

காக்கா கூட மூஞ்சிய ஞாபகம் வெச்சிக்குமாமே?

வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் சியாட்டலில் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு காக்கைகளைப் பிடித்து, வளையம் போட்டு விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முகமூடி போட்டு யார் போனாலும் வருடக்கணக்கில் கத்தித் துரத்தின. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன. அது அந்த ஊர்க் காக்கை, நம்முடையது வேறு இனம். ஆனால் போன வருடம் கடை போர்டுக்குப் பின்னால் கட்டியிருந்த கூட்டை நான் கழியால் தட்டிவிட்டேன். அதிலிருந்து ஷட்டர் தூக்கும்போது என் தலையில் மட்டும் கொத்து விழுகிறது. கூடவே நிற்கும் பையனை ஒன்றும் செய்வதில்லை. இப்போது ஹெல்மெட்டைக் கழற்றாமல்தான் கடையைத் திறக்கிறேன்.